கானமேளா மேடையில் மைக்ரோகோர்க்: டிஸ்டார்ஷன், ஃபில்டர், ஆம்ப்

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் குழித்துறை, மார்த்தாண்டம் வரையிலும், அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரையிலும் மேடையேறிக் கீபோர்ட் வாசிப்பவர்களுக்கு ஓர் ஆண்டில் இரண்டு விதமான வேலைகள் அமைகின்றன. தை பிறந்ததிலிருந்து சித்திரை முடியும் வரை கோயில் திருவிழாக்களில் கானமேளா என்னும் மேடை இன்னிசைக் கச்சேரி நடக்கும். மற்ற நாள்களில் ஆலயப் பாடகர் குழு, கேரல், திருமண வரவேற்பு என்று போகும். பியானோ, வயலின் கூட்டம், புல்லாங்குழல் போன்ற ஒலிகளுக்கு எல்லோரிடமும் இருக்கும் 61 கட்டைக் கீபோர்டே போதும். ஆனால் கிட்டார் போலக் கத்தும் லீட் (மெட்டை முன்னெடுக்கும் ஒலி), கரகரப்பான பேஸ் (கீழ்ச்சுர ஒலி), மூடியிருந்து மெல்லத் திறக்கும் ஒலி ஆகியவை வேண்டும் என்று வரும்போது, அந்தக் கீபோர்டில் பதிந்து வைத்த ஒலியை அப்படியே எடுத்துக்கொள்வதைத் தவிரப் பெரும்பாலும் வேறு வழி இருப்பதில்லை. அந்த வேலைக்காகவே முதன்மைக் கீபோர்டுக்கு மேல் அடுக்கில் கோர்க் நிறுவனத்தின் மைக்ரோகோர்க்கை வைத்து வாசித்து வருகிறேன். அது ஒலியை நாமே உருவாக்கித் திருத்த விடும் சிறிய சிந்தசைசர். இந்த மதிப்புரை அதன் டிஸ்டார்ஷன் (ஒலியை நசுக்கிக் கரகரப்பாக்குவது), ஃபில்டர் (ஒலியின் மேற்பகுதியையோ கீழ்ப்பகுதியையோ வெட்டுவது), ஆம்ப் (சத்தத்தின் அளவைத் தீர்மானிப்பது) ஆகிய மூன்றைப் பற்றியது. இம்மூன்றையும் சேர்த்துப் புரிந்துகொண்டால்தான் இக்கருவி தன் மதிப்பைக் காட்டும் என்பது என் உறுதியான கருத்து.

மைக்ரோகோர்க் 2002-இல் வெளிவந்தது. அதற்கு முன் 2000-இல் வந்த எம்எஸ்2000 என்னும் பெரிய சிந்தசைசரின் ஒலி இயந்திரத்தையே சிறிய உடலுக்குள் அடக்கினார்கள். 37 சிறிய கட்டைகள், ஒரே நேரத்தில் 4 சுரங்கள், 128 ஒலிகளைச் சேமிக்கும் இடம், 2.2 கிலோ எடை, அடாப்டர் இல்லாதபோது ஆறு பென்சில் பேட்டரிகள் என்பதே அதன் சுருக்கம். மேல்பலகையில் ஐந்து குமிழ்களும், எந்தப் பகுதியைத் திருத்தப் போகிறோம் என்பதைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு பெரிய சுழல் திருகுகளும் உள்ளன. ஒவ்வொரு பகுதியிலும் எந்தக் குமிழ் எதை மாற்றும் என்பது பலகையிலேயே அட்டவணையாக அச்சிடப்பட்டிருக்கிறது. திரையில் மூன்று எழுத்துகள் மட்டுமே தெரியும். முதலில் இது கஞ்சத்தனமாகப் படும்; ஆனால் பழகிய பிறகு கண் திரையைத் தேடாமல் அட்டவணையையே வாசிக்கத் தொடங்கிவிடுகிறது. இருட்டான மேடையில் அந்த அச்சு சரியாகத் தெரியாது என்பதால் ஒரு சிறு கிளிப் விளக்கு அவசியம்.

அந்த அட்டவணையை மேலிருந்து கீழே வாசித்தால், ஒலி எந்த வழியாகச் செல்கிறது என்பதும் புரிந்துவிடும். ஒலி அலையைப் பிறப்பிக்கும் இரண்டு ஆசிலேட்டர்களும் இரைச்சலும் மிக்சரில் கலக்கின்றன. கலந்த ஒலி ஃபில்டருக்குள் நுழைகிறது. ஃபில்டரிலிருந்து வெளிவரும் ஒலிதான் டிஸ்டார்ஷனுக்குப் போகிறது. அதன் பின்னரே ஆம்ப் அதன் சத்தத்தையும் அது எழுந்து அடங்கும் விதத்தையும் தீர்மானிக்கிறது. கோரஸ், ஃபேசர், டிலே (எதிரொலி), ஈக்யூ (மேல், கீழ்ப் பகுதிகளைக் கூட்டிக் குறைப்பது) ஆகியவை எல்லாவற்றுக்கும் கடைசியில் வருகின்றன. இந்த வரிசையை மனத்தில் வைக்காமல் குமிழ்களைத் திருகுபவர்களுக்கு இக்கருவி முரட்டுத்தனமாகவே ஒலிக்கும். விற்பனை மையங்களில் ஐந்து நிமிடம் தட்டிப் பார்த்துவிட்டு, ‘டிஸ்டார்ஷன் நன்றாக இல்லை’ என்று பலர் சொல்வதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

டிஸ்டார்ஷன் ஆம்ப் வரிசையில் ஒரே ஒரு குமிழாக இருக்கிறது; அதிலும் ஆன், ஆஃப் என்னும் இரண்டு நிலைகள் மட்டுமே. எவ்வளவு கரகரப்பு வேண்டும் என்று கேட்கும் குமிழ் எங்கும் இல்லை. குறைபாடு போலத் தோன்றும் இதற்குள்தான் கருவியின் நுட்பம் இருக்கிறது: கரகரப்பின் அளவைத் தீர்மானிப்பது மிக்சரில் நாம் வைக்கும் ஆசிலேட்டர் அளவு. மிக்சரில் இரண்டு ஆசிலேட்டர்களையும் உச்ச அளவான 127-இல் வைத்துவிட்டு டிஸ்டார்ஷனை ஆன் செய்தால், அலையின் முகடுகள் முழுவதும் நசுங்கி, ஃபஸ் பெடலை முழுதாகத் திறந்தது போன்ற கடுமை வரும். அதே ஒலியில் மிக்சர் அளவை 40 வரை இறக்கிப் பாருங்கள். கடுமை கரைந்து, பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரின் ஓரத்தில் கேட்கும் லேசான சொரசொரப்பு மட்டும் மிஞ்சும். இரண்டுக்கும் இடையே உள்ள எண்கள் எல்லாம் நமக்குரியவை. கிட்டார்க்காரர்கள் பெடலில் ‘டிரைவ்’ என்றும் ‘லெவல்’ என்றும் இரண்டு குமிழ்களை வைத்திருப்பார்கள் அல்லவா? இங்கே மிக்சர்தான் டிரைவ். ஆம்ப் வரிசையின் முதல் குமிழான லெவல்தான் லெவல்.

இந்த லெவல் குமிழை மறந்துவிட்டால் மேடையில் சங்கடம் வரும். டிஸ்டார்ஷனை ஆன் செய்ததும் ஒலி மாறுவதோடு சத்தமும் சட்டென்று உயரும். எங்கள் குழுவுக்கு ஒலி அமைக்கும் பாறசாலைத் தம்பி ஒத்திகையின்போது, “அண்ணா, அந்த ஒரு சவுண்டுக்கு மட்டும் லெவல் எகிறுது, அங்கேயே குறைச்சு வைங்க, என் ஃபேடரைத் தொட வைக்காதீங்க” என்று சொன்னது முற்றிலும் நியாயமானது. சேமிப்பதற்கு முன்பு ஒவ்வொரு கரகரப்பான ஒலியையும் ஒரு சாதாரண ஒலியோடு மாற்றி மாற்றி வாசித்து, இரண்டும் காதுக்கு ஒரே அளவாகப் படும் வரை ஆம்ப் லெவலைக் குறைத்து வைத்துவிட வேண்டும். ஆம்ப் லெவலை எவ்வளவு குறைத்தாலும் கரகரப்பின் தன்மை மாறுவதில்லை. அது டிஸ்டார்ஷனுக்குப் பிறகு வருவதே காரணம்.

இனி ஃபில்டர். அது வெட்டத் தொடங்கும் இடத்துக்குக் கட்-ஆஃப் என்று பெயர். நான்கு வகைகள் இருக்கின்றன: கட்-ஆஃபுக்கு மேலே உள்ளதை ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவில் வெட்டுவது, அதையே 12 டெசிபல் சரிவில் செய்வது, நடுப்பகுதியை மட்டும் விடும் பேண்ட்-பாஸ், கீழ்ப்பகுதியை நீக்கும் ஹை-பாஸ். 24 டெசிபல் சரிவு, சிந்தசைசர் முன்னோடி ராபர்ட் மூகின் ஃபில்டரால் உலகெங்கும் பழகிப்போன சரிவு. மூகின் அந்த அமைப்புக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது 1969-இல். லீட், பேஸ் இரண்டுக்கும் அதுவே என் முதல் தேர்வு.

ஃபில்டர் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் நிற்பதால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன. இரண்டையும் காதால் சோதித்துப் பார்ப்பது நல்லது. முதலாவது, கட்-ஆஃபை இறக்கும்போது டிஸ்டார்ஷனுக்குள் போகும் மேற்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த அதிர்வுகள்) குறைகின்றன. ஆனால் டிஸ்டார்ஷன் தன் பங்குக்குப் புதிய மேற்சுரங்களை உண்டாக்குகிறது. அவற்றைத் தடுக்க அதற்குப் பிறகு ஃபில்டர் எதுவும் இல்லை. ஆகவே கட்-ஆஃபை ஓரளவு மூடினாலும் ஒலி முழுவதும் மந்தமாகிவிடாமல், கரகரப்பின் நிறம் மட்டும் தடித்துக்கொண்டே போகும். உச்சியில் காதைக் குத்தும் பகுதியைக் குறைக்க வேண்டுமென்றால் கடைசியில் இருக்கும் ஈக்யூவின் ஹை கெயினைத்தான் இறக்க வேண்டும். இரண்டாவது, ரெசனன்ஸ். கட்-ஆஃப் இருக்கும் இடத்தில் ஒரு முகட்டை எழுப்புவது ரெசனன்ஸின் வேலை. அந்த முகடு டிஸ்டார்ஷனுக்குள் நுழையும்போது மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு நசுங்குகிறது. அதனால் ரெசனன்ஸை 50-ஐ ஒட்டி வைத்துக் கட்-ஆஃபை மெல்ல நகர்த்தினால், வாவா பெடலை அழுத்தியது போல மூக்கால் பேசும் ஓசை கிடைக்கிறது. 100-ஐத் தாண்டினால் விசில் போன்ற கூர்மை வந்துவிடும். ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஆசிலேட்டரில் எந்த அலையை எடுக்கிறோம் என்பதும் இங்கே பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். சதுர அலையின் தலை ஏற்கெனவே தட்டையாக இருப்பதால், ஃபில்டரை முழுதாகத் திறந்து வைத்திருக்கும்போது டிஸ்டார்ஷன் அதில் பெரிதாக எதையும் செய்வதில்லை. முக்கோண அலையும் சைன் அலையும் அப்படியல்ல. வழுவழுப்பாக உள்ளே போய்ப் பற்கள் முளைத்து வெளியே வரும். பேஸுக்கு நான் முக்கோண அலையையே எடுப்பேன். ரம்பப்பல் அலை லீடுக்கு.

நான் மிகவும் விரும்பும் ஒலி ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இரண்டு ஆசிலேட்டர்களிலும் ரம்பப்பல் அலை. இரண்டாவது ஆசிலேட்டரின் செமிடோன் (அரைச் சுரம்) அளவு +7. அதாவது முதல் ஆசிலேட்டர் ஷட்ஜமம் என்றால் இரண்டாவது பஞ்சமம். ஒரே கட்டையை அழுத்தினாலே ச, ப இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்; கிட்டார்க்காரர்கள் பவர் கார்டு என்று பிடிப்பது இதைத்தான். டிஸ்டார்ஷன் ஆஃபில் இருக்கும்போது இது இரண்டு சுரங்கள் அருகருகே நிற்பது போல மட்டுமே கேட்கும். ஆன் செய்தவுடன் கீழே மூன்றாவதாக ஒரு சுரம் எழும். காரணம் எளிமையானது: 220 ஹெர்ட்ஸும் அதன் பஞ்சமமான ஏறக்குறைய 330 ஹெர்ட்ஸும் ஒன்றாகக் கலந்து நசுங்கும்போது, அவற்றின் வித்தியாசமான 110 ஹெர்ட்ஸும் பிறக்கிறது. அது ஷட்ஜமத்துக்குச் சரியாக ஓர் ஆக்டேவ் கீழே, மந்தர ஸ்தாயியில் விழுவதால் ஒலிக்கு ஒரு பீடம் கிடைத்துவிடுகிறது. மிக்சரில் முதல் ஆசிலேட்டரை 90-இலும், இரண்டாவதை 65-இலும் வைப்பேன். பஞ்சமம் சற்றுத் தாழ்ந்திருந்தால்தான் மெட்டு குழம்பாது. ஃபில்டர் 24 டெசிபல் லோ-பாஸ், கட்-ஆஃப் 70-ஐ ஒட்டி, ரெசனன்ஸ் 25. வாய்ஸ் பகுதியில் மோனோ, பிட்ச் பகுதியில் மிகச் சிறிய அளவு போர்ட்டமென்டோ (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்வது), பெண்ட் எல்லை 2. பாட்டின் இடையிசையில் வரும் கமகங்களுக்குப் பிட்ச் சக்கரத்தின் இந்த எல்லை போதுமானது. அதற்கு மேல் வைத்தால் விரலின் சிறு நடுக்கமும் அபசுரமாகிவிடும்.

கிட்டார் வாசிப்பவர் ஒருவர் இதைக் கேட்டால் உடனே ஒரு குறையைச் சொல்வார். அது உண்மையான குறையும்கூட. கிட்டாரில் தந்தியின் அதிர்வு தேயத் தேய ஆம்ப்ளிஃபையருக்குள் போகும் அளவும் குறைவதால், சுரம் கரகரப்பாகத் தொடங்கித் தெளிவாக முடிகிறது. மைக்ரோகோர்க்கில் சுரம் எழுந்து தேய்வதைத் தீர்மானிக்கும் ஆம்ப் ஈஜி (என்வலப் ஜெனரேட்டர்) டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் இருப்பதால், கரகரப்பு முதல் நொடியில் இருந்தபடியே கடைசி வரை இருந்து, சத்தம் மட்டும் குறைகிறது. இதைச் சரிசெய்ய ஃபில்டர் ஈஜியை உதவிக்கு அழைக்க வேண்டும். ஃபில்டர் வரிசையில் ஃபில்டர் ஈஜியின் தாக்க அளவை +25 அளவுக்கு உயர்த்திக் கட்-ஆஃபைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, ஃபில்டர் ஈஜியின் டிகேயை (தேயும் நேரம்) நீளமாகவும் சஸ்டெயினை (தேய்ந்து நிற்கும் அளவு) தாழ்வாகவும் வைத்தால், சுரம் நீளும்போது ஃபில்டர் மெல்ல மூடி, டிஸ்டார்ஷனுக்குள் போகும் ஒலியைக் குறைத்துக்கொண்டே வரும். தந்தியின் தேய்வை இது முழுதாக ஈடுசெய்யாது. ஆனால் நீண்ட சுரங்கள் இயந்திரம் போல் நிற்பது மறைந்துவிடுகிறது. ஆம்ப் ஈஜியில் அட்டாக் (எழும் நேரம்) 0, ரிலீஸ் (கட்டையை விட்ட பின் அடங்கும் நேரம்) 20-க்குள் இருக்கட்டும். ரிலீஸ் நீண்டால் விரைவான சங்கதிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்.

வெர்ச்சுவல் பேட்ச் எனப்படும் நான்கு இணைப்புகளில் ஒன்றில் மாடுலேஷன் சக்கரத்தைக் கட்-ஆஃபுடன் இணைத்துவிட்டால் வாசிக்கும்போதே இடக்கை ஃபில்டரைத் திறக்கும். இன்னொன்றில் விரல் அழுத்தத்தின் வேகத்தையும் கட்-ஆஃபுடன் இணைத்துவிடுவேன். கட்டைகள் சிறியவையாக இருந்தாலும் வேகத்தை உணர்பவை. இந்த இரண்டும் சேரும்போது டிஸ்டார்ஷன் கைக்குக் கட்டுப்படுகிறது: மென்மையாக வாசித்தால் தடித்த முனகல், ஓங்கி அடித்தால் சீற்றம். எடிட் நிலையில் இல்லாதபோது ஐந்து குமிழ்களும் கட்-ஆஃப், ரெசனன்ஸ், அட்டாக், ரிலீஸ், டெம்போ என்று மாறிவிடுவது மேடைக்கு மிகவும் உதவியானது. திருகிய பிறகு பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால், ‘ஒரிஜினல் வேல்யூ’ என்னும் சிறு விளக்கு எரியும் வரை குமிழைத் திருப்பினால் போதும். சேமித்திருந்த அளவுக்கு வந்துவிட்டோம் என்று அது காட்டுகிறது. இருட்டில் இதைவிட நம்பகமான வழியை வேறு கருவிகளில் நான் கண்டதில்லை.

ஹெட்ஃபோனில் அமைத்த கரகரப்பு திறந்தவெளியில் வேறு முகம் காட்டும். திருவிழாத் திடலில் பெரிய பெட்டிகளோடு, தெரு முனைகளில் கோளாம்பிக் குழாய்களும் கட்டியிருப்பார்கள். குழாய் ஒலிபெருக்கி கீழ்ச்சுரங்களை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிட்டு, நடுப்பகுதியை மட்டும் தூரத்துக்கு எறியும். டிஸ்டார்ஷன் உண்டாக்கும் மேற்சுரங்களில் பெரும்பகுதி அந்த நடுப்பகுதியிலேயே விழுகிறது. மேடைக்கு முன்னே இனிமையாக இருக்கும் லீட், இரண்டு தெரு தள்ளி வீட்டு வாசலில் இருப்பவர்களுக்குத் தகரத்தைக் கீறுவது போல் கேட்கும். ஆகவே திருவிழாவுக்கென்று சேமிக்கும் பதிப்பில் மிக்சர் அளவைக் கால்பங்கு குறைத்து, ஈக்யூவில் ஹை கெயினை 4 புள்ளிகள் குறைத்து, டிலேயையும் பாதியாக்கிவிடுவது நல்லது. ஒலி அமைப்பு மோனோவாக இருந்தால் ‘எல்/மோனோ’ என்ற துளையில் மட்டுமே கம்பியைச் செருக வேண்டும். வலப்பக்கத் துளையைக் காலியாக விட்டால்தான் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்து வரும். நீளமான கம்பி என்றால், இரைச்சல் ஏறாமல் சிக்னலை மிக்சருக்கு அனுப்பும் டிஐ பெட்டி கட்டாயம்.

ஆலயத்தில் டிஸ்டார்ஷனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. முதல் ஆசிலேட்டரில் டிடபிள்யூஜிஎஸ் என்று 64 டிஜிட்டல் அலைகள் இருக்கின்றன; 1985-இல் கோர்க் வெளியிட்ட டிடபிள்யூ-8000 போன்ற கருவிகளின் வழி வந்த தொழில்நுட்பம் அது. அவற்றில் ஆர்கன் சாயல் கொண்ட ஓர் அலையை எடுத்து, மிக்சரில் 30-க்குக் கீழே வைத்து டிஸ்டார்ஷனை ஆன் செய்து, ஆம்ப் லெவலை உயர்த்தினால், கீர்த்தனைகளுக்கு ஏற்ற வெதுவெதுப்பான ஆர்கன் ஒலி வருகிறது. பாடகர் குழுவின் நான்கு குரல்களுக்கு அடியில் அது நிற்பதை யாரும் டிஸ்டார்ஷன் என்று அடையாளம் காண மாட்டார்கள். நிறுத்தினால் மட்டும் ஏதோ குறைகிறது என்பார்கள். 4 சுரங்களுக்கு மேல் ஒலிக்காது என்பதை இங்கேதான் அதிகமாக உணர நேரும். இடக்கையில் இரண்டு, வலக்கையில் மூன்று என்று பிடித்தால் ஒரு சுரம் காணாமல் போய்விடும். இரண்டு டிம்பர்களை (தனித்தனி ஒலி அமைப்புகளை) அடுக்கிய ஒலி என்றால் 2 சுரங்களே மிஞ்சும்.

குறைகள் இதோடு முடியவில்லை. சஸ்டெயின் பெடல் செருகத் துளை இல்லை. கட்டைப்பலகையை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் பேஸ், வலப்பக்கம் லீட் என்று வைக்க முடியாது. கணினியோடும் மற்றக் கருவிகளோடும் இணைக்க யூஎஸ்பி இல்லை, மிடி கம்பிதான். திருத்திய ஒலியை எழுதிச் சேமிக்காமல் அடுத்த ஒலிக்குப் போய்விட்டால் திருத்தம் முழுவதும் போய்விடும். பெரிய விரல்கள் உடையவர்களுக்குச் சிறிய கட்டைகள் நிச்சயம் இடைஞ்சலாக இருக்கும். குரலை இயந்திர ஒலியாக்கும் வோகோடர் இருக்கிறது, அதற்கு மைக்கும் தருகிறார்கள். கேட்பவர்களுக்கு ஒரு பாட்டுக்கு மேல் அதில் ஆர்வம் இருப்பதில்லை.

டிஸ்டார்ஷனுக்குத் தனிக் குமிழ்தான் வேண்டும் என்பவர்கள் 2010-இல் வந்த ரோலண்ட் கயா எஸ்எச்-01-ஐப் பார்க்கலாம். அதில் டிஸ்டார்ஷன், ஃபஸ், பிட் க்ராஷ் என்று மூன்று வகைகளும், முழு அளவுக் கட்டைகளும், ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிக் குமிழ்களும் உள்ளன. 64 சுரங்கள் வரை ஒலிக்கும். புதிதாகக் கற்பவருக்கு அதையே பரிந்துரைப்பேன். யமஹா ரீஃபேஸ் சிஎஸ் இன்னும் எளிமையானது. ஆனால் டிஸ்டார்ஷனைத் தேர்ந்தெடுத்தால் டிலேயோ கோரஸோ கிடைக்காது, ஒரு நேரத்தில் ஒன்றுதான். தனியாக நிற்கும் லீடுக்கு டிலே இல்லாதது பெரிய இழப்பு. மைக்ரோகோர்க்கில் டிஸ்டார்ஷன் ஆம்ப் பகுதியைச் சேர்ந்தது என்பதால், அதற்கு மேல் மாடுலேஷன் எஃபெக்ட், டிலே, ஈக்யூ மூன்றையும் ஒன்றாகப் போட முடிகிறது. எடையும் கயாவைவிடப் பாதிதான். களியக்காவிளையில் பேருந்து மாறி ஏறுபவருக்கு அது சிறிய விஷயமல்ல.

பழையது வாங்குபவர்கள் கருவியை இயக்கியதும் முதலில் எடிட் சுழல் திருகைக் ஃபில்டர் வரிசைக்குக் கொண்டுபோய், ஐந்து குமிழ்களையும் ஒவ்வொன்றாக, மிக மெதுவாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். கட்-ஆஃப், ரெசனன்ஸ் குமிழ்களுக்குத் திரையில் எண்கள் 0-இலிருந்து 127 வரை வரிசையாக ஏறி, மற்றக் குமிழ்களிலும் அளவு துள்ளாமல் மாறினால் குமிழ்கள் நன்றாக இருக்கின்றன. கையை எடுத்த பின்னும் எண் முன்னும் பின்னும் துள்ளிக்கொண்டிருந்தால், உள்ளே தூசியோ உப்புக் காற்றோ ஏறியிருக்கிறது என்று பொருள். நம் கடலோர ஊர்களில் இது அதிகம். துள்ளும் கட்-ஆஃபோடு டிஸ்டார்ஷனை ஆன் செய்தால் அந்தத் துள்ளல் பலமடங்காகி வெளியே கேட்கும் என்பதால், அந்தக் குமிழை மாற்றித் தரும்படி விற்பவரிடம் கேட்டுவிட்டே பணம் கொடுங்கள். அடாப்டர் 9 வோல்ட்; அடிப்பலகையில் அச்சிட்டிருக்கும் துருவக் குறியும் அடாப்டரின் குறியும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே செருக வேண்டும்.